ஒரே கிளிக் போதும்: அத்தையின் கணினியில் ஒரு டாக்

(திரையில்: லினக்ஸ் மின்ட் முகப்பு. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆறு படங்கள்.)

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். நடுவில் லாரிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் எங்கள் வீட்டு முன்சாலை வழியாகத்தான் ஆலைக்குப் போகின்றன.

திரையின் இடது ஓரத்தைப் பாருங்கள். வரிசையாக ஆறு படங்கள் இருக்கின்றன. இந்தப் பட்டைக்குத்தான் டாக் என்று பெயர். அடிக்கடி திறக்கும் செயலிகளைக் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தி வைப்பது இதன் வேலை. 1989இல் வெளிவந்த நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற இயங்குதளத்திலேயே டாக் இருந்தது. 2001இல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகு எல்லோர் கண்ணிலும் பட்டது. விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் இதற்கென்று பல செயலிகள் உண்டு. இன்று நாம் பார்க்கப்போவது பிளாங்க். சின்னது, பழைய கணினியிலும் சிரமமில்லாமல் ஓடும்.

இது என் அத்தையின் மடிக்கணினி. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இப்போது கோயில் திருவிழா வசூல் கணக்கு முழுக்க அவர் பொறுப்பு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது. நல்ல கணினியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. லினக்ஸின் ஒரு வகை மின்ட்; அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புள்ள பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன்.

முதலில் டாக் எதுவும் வைக்கவில்லை. செயலிகளை முகப்பிலேயே படங்களாக வைத்துவிட்டேன். அங்கேதான் தவறு செய்தேன்.

(திரையில்: ஒரு படத்தின்மேல் மவுஸ் அம்பு. முதல் கிளிக்குக்கும் இரண்டாவது கிளிக்குக்கும் நடுவில் அம்பு நகர்கிறது.)

முகப்பில் உள்ள படத்தைத் திறக்க இரண்டு முறை கிளிக் செய்ய வேண்டும். இரண்டு கிளிக்குக்கும் நடுவில் அம்பு கொஞ்சம் நகர்ந்தாலும் கணினி அதை இரட்டைக் கிளிக்காக எடுத்துக்கொள்ளாது. அத்தையின் விரல்கள் வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போனவை. மரப்பட்டையில் மயிரிழை கனத்துக்குச் சீவத் தெரிந்த கை அது. ஆனால் இந்தச் சின்னப் பொத்தானை ஒரே இடத்தில் இரண்டு முறை தட்டுவது அந்தக் கைக்குப் பழக்கமில்லை. நான்கு முறை முயன்றுவிட்டு, "இது திறக்காது தம்பி, நீயே வா" என்று போன் செய்வார். டாக்கில் ஒரே கிளிக் போதும். அழகுக்காக டாக் வைப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதைவிட இந்த ஒற்றைக் கிளிக்தான் பெரிய விஷயம்.

சரி, நிறுவிவிடுவோம். மெனுவில் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து பிளாங்க் என்று தேடி இன்ஸ்டால் கொடுங்கள். அப்புறம் மெனுவிலிருந்து ஒரு முறை இயக்குங்கள். கணினியைத் திறக்கும்போது தானாகவே வர வேண்டுமென்றால் செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் பிளாங்கைச் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு, மறுநாள் டாக் காணோமே என்று தேடுகிறவர்கள் உண்டு.

எக்ஸ்எஃப்சிஇயில் இன்னொரு தொந்தரவும் வரும். டாக்குக்குச் சற்றுத் தள்ளி ஒரு மெல்லிய கோடு தெரியும். திரை பழுது என்று நினைக்க வேண்டாம், அது நிழல்தான். செட்டிங்ஸில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் திறந்து, கம்பாசிட்டர் (ஜன்னல்களுக்கு நிழலும் ஒளிபுகும் தன்மையும் தரும் பகுதி) பக்கத்தில் டாக் ஜன்னல்களுக்கு நிழல் காட்டும் தேர்வை எடுத்துவிடுங்கள். கோடு உடனே மறைந்துவிடும். அதற்காகக் கம்பாசிட்டரையே அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் டாக்குக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி வந்து நிற்கும்.

(திரையில்: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு டாக்கின்மேல் வலது கிளிக்.)

இப்போது அமைப்புகளுக்கு வருவோம். பிளாங்கின் அமைப்புப் பக்கம் மெனுவில் சட்டென்று கண்ணில் படாது. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி டாக்கின்மேல் வலது கிளிக் செய்தால் பிரிஃபரன்சஸ் வரும். அதில் தீம், இடம், படத்தின் அளவு எல்லாம் இருக்கின்றன.

இடத்தைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. பலரும் டாக்கைக் கீழே வைக்கிறார்கள். இந்த மடிக்கணினியின் திரை 1366க்கு 768. அகலம் தாராளம், உயரம் குறைவு. கீழே ஏற்கெனவே எக்ஸ்எஃப்சிஇயின் பட்டை இருக்கிறது. டாக்கையும் அங்கேயே நிறுத்தினால் கணக்குத் தாளில் மூன்று நான்கு வரிசைகள் மறைந்துபோகும். வசூல் பட்டியலில் கடைசி மூன்று பேர் தெரியவில்லை என்றால் அத்தைக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால் பொசிஷனில் லெஃப்ட் கொடுத்தேன். படத்தின் அளவு 64.

ஐகான் ஜூம் என்று ஒன்று இருக்கும். அம்பு கிட்டே போனால் படம் பெரிதாகும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று பெரிதாகும்போது பக்கத்துப் படங்கள் நகர்கின்றன. வயதானவர்களுக்கு இலக்கு நகரக் கூடாது. அதை அணைத்துவிட்டேன். அதே காரணத்துக்காக ஹைட் டாக் தேர்வையும் அணைத்தேன். டாக் ஒளிந்துகொண்டால் அவர்களைப் பொறுத்தவரை அது போய்விட்டது என்றுதான் பொருள். நீங்கள் உங்களுக்காக வைத்துக்கொள்வதாக இருந்தால் இன்டெலிஹைட் நல்ல தேர்வு. ஜன்னல் டாக்கின்மேல் வரும்போது மட்டும் ஒதுங்கிக்கொள்ளும்.

செயலியைச் சேர்ப்பது எளிது. செயலியைத் திறங்கள். டாக்கில் அதன் படம் வரும். அதில் வலது கிளிக் செய்து கீப் இன் டாக் கொடுங்கள். எடுக்க வேண்டுமென்றால் படத்தைப் பிடித்து டாக்குக்கு வெளியே இழுத்துவிட்டால் போதும்.

அந்த எளிமையே வினையாகவும் முடியும். டாக் வைத்துக் கொடுத்த மூன்றாம் நாள் அத்தையிடமிருந்து போன். "தம்பி, கணக்குப் படத்தக் காணோம்பா. நான் ஒன்னும் பண்ணல." அவர் எதுவும் செய்யவில்லை என்பது அவரளவில் உண்மைதான். கிளிக் செய்யும்போது விரல் கொஞ்சம் இழுத்திருக்கிறது, படம் வெளியே வந்து மறைந்துவிட்டது. கணக்குக் கோப்பே அழிந்துவிட்டது என்று நினைத்து அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பிரிஃபரன்சஸில் லாக் ஐகான்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் படம் வெளியே வராது, இடமும் மாறாது. மற்றவர்களுக்காக டாக் அமைத்துக் கொடுக்கிறவர்கள் எழுந்து போகுமுன் இதைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

அடுத்தது பெயர். படத்தின்மேல் அம்பை வைத்தால் பெயர் தெரியும். அங்கே லிப்ரே ஆபிஸ் கால்க் என்று வந்தால் அத்தைக்கு என்ன புரியும்? மெனுவில் அந்தச் செயலியின்மேல் வலது கிளிக் செய்து எடிட் அப்ளிகேஷன் கொடுங்கள். பெயர்ப் பெட்டியில் தமிழிலேயே எழுதலாம்.

(திரையில்: பெயர்ப் பெட்டியில் "கோயில் கணக்கு" என்று எழுத்து எழுத்தாக விழுகிறது.)

கோயில் கணக்கு. பயர்பாக்ஸுக்கு இணையம். கோப்புறைக்கு என் படங்கள். டாக்கில் பழைய படத்தை எடுத்துவிட்டு அதே செயலியை மறுபடி சேர்த்தால் புதுப் பெயரோடு வரும். பூட்டைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் மறுபடி பூட்டுங்கள்.

இந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பின்னால் உதவும். உங்கள் கோப்புறையில் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். கான்ஃபிக், அதற்குள் பிளாங்க், அதற்குள் டாக்1, அதற்குள் லாஞ்சர்ஸ். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னக் கோப்பு, உள்ளே இரண்டே வரிகள். இந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.

லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிளாங்க் வேண்டாம். திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலண்டில் அது ஓடாது, உபுண்டு இப்போது இயல்பாக வேலண்டில்தான் திறக்கிறது. 17.10 பதிப்பிலிருந்து உபுண்டுவுக்குச் சொந்த டாக் இருக்கிறது. செட்டிங்ஸில் உபுண்டு டெஸ்க்டாப் பகுதியில் அளவு, இடம், ஒளிந்துகொள்ளும் வசதி எல்லாம் கிடைக்கும். சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) 1, 2, 3 என்று எண்ணை அழுத்தினால் டாக்கில் அந்த வரிசையில் உள்ள செயலி திறக்கும்.

கடைசியாக, அந்த ஆறாவது படம். அது அத்தை கேட்டு வாங்கியது. "எல்லாம் திறக்குதுப்பா. மூடறதுக்கு ஒன்னு வை" என்றார். முகப்பில் வலது கிளிக் செய்து கிரியேட் லாஞ்சர் கொடுங்கள். பெயர்: அணைக்க. கட்டளைப் பெட்டியில் எழுத வேண்டியது திரையில் தெரிகிறது: xfce4-session-logout. எழுத்துகள், எண், நடுவில் உள்ள கோடுகள் எல்லாவற்றையும் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். உருவான கோப்பை முகப்பிலேயே விட்டுவிட்டால் யாராவது அழித்துவிடுவார்கள், டாக்கிலும் போய்விடும். அதனால் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற மறைவான கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, அங்கிருந்து டாக்குக்கு இழுங்கள். வரிசையில் கடைசியாக வையுங்கள்.

கை தவறிப் பட்டாலும் கணினி உடனே அணையாது. என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். அத்தை அதில் ஷட் டவுன் பொத்தானை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிறார். அழுத்திவிட்டுத் திரை கறுப்பாகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.