வெள்ளைத்தாளில் ஒரு கைநாட்டு

நேயர்களுக்கு வணக்கம். நான் கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அவனைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில்தான் பேச வந்திருக்கிறேன்.

2019-இல் அவனுக்கு முதல் முறையாக நோய் முற்றியது. நான்கு இரவுகள் தூங்கவில்லை, யாரோ கடலிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று ஓடினான். கடல்பாசி எடுக்கப் போயிருந்த அம்மா ஈரச்சேலையோடு வந்து ஆட்டோவில் ஏறினார். மருத்துவமனையில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, "இங்க கைநாட்டு வைம்மா" என்றார்கள். வைத்தார். எதற்கு, எத்தனை நாளைக்கு, என்ன மருந்து என்று யாரும் சொல்லவில்லை. தம்பி குணமாகித் திரும்பிய பிறகும் அம்மா ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, "என் பிள்ளைய எழுதிக் குடுத்துட்டேனே" என்று அழுவார். சொத்தை எழுதிக் கொடுத்த மாதிரி மகனை எழுதிக் கொடுத்துவிட்டதாக ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

அவர் அப்படி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி அம்மா தம்பியின் நியமனப் பிரதிநிதி. நோயின் வேகத்தில் அவனால் முடிவெடுக்க முடியாதபோது, அவன் விருப்பம் என்னவாக இருக்கும் என்று யோசித்து அவனுக்குத் துணை நிற்கிறவர். என்ன நோய், என்ன சிகிச்சை என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வீட்டுக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பிக்கலாம். உரிமை மீறப்பட்டால் மனநல மறு ஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். அவர் விண்ணப்பத்தின் பேரில் முதலில் 30 நாள் வரைதான் உள்ளே வைத்துச் சிகிச்சை தரலாம். அவர் தற்காலிகமாக ஒப்புதல் தந்திருந்தால், தம்பியால் சுயமாக முடிவெடுக்க முடிகிறதா என்று ஏழு நாளுக்கு ஒரு முறை மருத்துவர்கள் பார்க்கவேண்டும். இதைத் தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா? அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால் ஒரு தாய் ஒரு வருடம் தூங்கவில்லை.

நம் மாவட்டத்தில் இதைப் பேசினால் ஏர்வாடியைப் பேசாமல் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். மருந்துக்கும் வழி தெரியாமல், வேலைக்கும் போக முடியாமல், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் இருந்தால் மனிதர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்மா ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் அன்றைய பாசிக் கூலி போச்சு. சட்டம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. அதைச் சுமக்கிறவருக்குத் தோள் கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

செவிலியர்களே, காகிதத்தை நீட்டுமுன் வாசித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே, "பைத்தியம் எப்படி இருக்கு" என்று கேட்பதை விட்டு, மாத்திரை வாங்கப் போகும் நாளில் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்கிறவர்களே, உங்களுக்கே மனம் கனத்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவையை அழையுங்கள், இரவிலும் பேசுவார்கள். சட்ட உதவி இலவசம், அதற்கு 15100.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. பிரதிநிதி யார் என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். 18 வயது ஆனவர் யாராக இருந்தாலும், நன்றாக இருக்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் பெயரை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். குறிக்கப்பட்டவரும் சம்மதித்து எழுதித் தரவேண்டும். யாரையும் குறிக்காவிட்டால்தான் உறவினர், அடுத்து பராமரிப்பவர் என்று வரிசை வரும். இது சொத்துக்கான அதிகாரம் ஆகாது. வங்கிக் கணக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் இதைக் காட்டித் தொட முடியாது. உறவுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் இதைத் தெரியாமல்தான்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறிக் கிடந்தபோது, தம்பி வலை முடைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவன் என் பெயரை எழுதினான். அம்மா பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அம்மா தூங்கட்டும் அக்கா" என்றான்.