சுகர் நோட்டுல மனசுக்கும் ஒரு கட்டம் போடுங்க

வணக்கம் மக்களே! பாண்டிச்சேரி பீச் ரோட்டுல நிக்கிறேன். மணி ஆறு தாண்டிடுச்சு, வண்டிய நிறுத்திட்டாங்க, ஹாரன் சத்தம் இல்லாம பேசலாம்.

சுகர் இருக்கறவங்களப் பார்த்தா நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றது, "மனசைத் தைரியமா வச்சுக்க, எல்லாம் சரியாயிடும்." நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. ஆனா மூணு மாச சுகர் சராசரி, அதான் எச்பிஏ1சி, ரொம்ப ஏறி 9-னு வந்துச்சுன்னா அந்த மனுஷன் "தப்பு என் மனசுலதான்"னு குறுகிப்போய் டாக்டர்கிட்டயே போகாம இருந்துடுறாரு. தைரியமா இருந்தா மட்டும் இன்சுலின் சுரந்துடாதுங்க. அந்தப் பழியை யார் மேலயும் போடாதீங்க.

ஆனா மனசு சுகரை ஏத்தும். கோபம், பயம், கவலை வந்தா அட்ரினலின், கார்டிசால் ரெண்டும் கூடுது. கல்லீரல் சேர்த்து வச்ச குளுக்கோஸை ரத்தத்துல விடுது, இன்சுலினும் சரியா வேலை செய்யறதில்ல. அதே ரெண்டு இட்லிதான், ரீடிங் மட்டும் வேற. இதைவிடப் பெரிய வழி இன்னொண்ணு இருக்கு: மனசு வெறுத்துப் போனா மாத்திரை விட்டுப்போகும், சாப்பாடு பத்து மணிக்குப் போகும், தூக்கம் கெடும்.

உங்களுக்கு எந்த வழின்னு தெரிய ரெண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்க. ஒரு நாளைக்கு ஒரு வரி: தூங்கின நேரம், நேத்து மாத்திரை எல்லாம் போட்டாச்சா, மனசுக்கு 0-லேருந்து 10 வரைக்கும் ஒரு மார்க் (0-ன்னா ரொம்ப மோசம், 10-ன்னா ரொம்ப நல்லா இருக்கு), பக்கத்துல காரணம் ஒரே வார்த்தையில, "வட்டி", "தூக்கமில்ல" இப்படி. கடைசியா வெறும் வயித்து ரீடிங். மனசு மார்க்கை விரல்ல குத்தறதுக்கு முன்னாடியே எழுதிடணும். 210-னு பார்த்தப்புறம் எழுதினா யாருக்கும் 3-க்கு மேல வராது, நோட்டே வீண்.

குத்தும்போது கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லாத் துடைச்சுட்டு, விரல் நுனியில குத்தாம பக்கவாட்டுல குத்துங்க, வலி கம்மி. மாம்பழம் தொட்ட விரல்னா இல்லாத சுகரைக் காட்டும். இங்க கடல் காத்து ஈரம் வேற. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடாட்டி ஸ்ட்ரிப் கெட்டு ரீடிங் தாறுமாறா வரும்.

மாத்திரை சரியா போட்டும் மனசு கெட்ட நாள்லயெல்லாம் சுகர் ஏறுதா? அதை டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை விட்ட நாள்ல ஏறுதா? அதை மறைக்கவே மறைக்காதீங்க. மறைச்சா டாக்டர் டோஸைக் கூட்டுவாரு. நீங்க திடீர்னு ஒழுங்கா எல்லாத்தையும் போட ஆரம்பிச்சா சுகர் கீழ விழுந்துடும்.

அந்த லோ சுகர்லதான் பெரிய குழப்பம் நடக்குது. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத பயம். பதட்டத்துக்கும் இதேதான், லோ சுகருக்கும் இதேதான். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைட் மாதிரி மாத்திரையோ எடுக்கறவங்க "டென்ஷன்தான்"னு படுத்துடாதீங்க, முதல்ல டெஸ்ட் பண்ணுங்க. 70-க்குக் கீழன்னா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறலைன்னா திரும்பவும் அதே அளவு. சாக்லேட் வேணாம், கொழுப்பு இருக்கறதால மெதுவாத்தான் ஏறும். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை போடறவங்களுக்கு வீட்டுச் சர்க்கரையும் மெதுவாத்தான் வேலை செய்யும், அதனால குளுக்கோஸ் பவுடர் கையில இருக்கணும். மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-க்குப் போன் பண்ணுங்க.

மீட்டர்ல 110 இருந்து படபடப்பு மட்டும்னா, நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க, அஞ்சு நிமிஷம். வேகவேகமா இழுத்தா தலை சுத்தும், மெதுவாவே விடுங்க.

நடை விஷயத்துல, மனசு வரட்டும்னு காத்திருந்தா வராது. நடக்க ஆரம்பிச்சாத்தான் மனசு பின்னாடி வரும். காந்தி சிலைகிட்ட ஆரம்பிச்சு டூப்ளே சிலை பக்கமா அஞ்சு நிமிஷம், திரும்பி அஞ்சு நிமிஷம், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம். அவ்வளவு போதும். உற்சாகம் வந்த நாள்ல ஒரேயடியா ஒரு மணி நேரம் நடந்து, கால்ல கொப்புளம் வந்து, ஒரு வாரம் படுத்துடறாங்க. கால் மரத்துப்போனவங்க வெறுங்காலோட மணல்ல இறங்கவே கூடாது.

வீட்ல இருக்கறவங்களுக்கும் சொல்றேன். "அதைத் தின்னாத"ன்னு நாளைக்குப் பத்து தடவை சொன்னா ஒளிச்சு வச்சுத்தான் சாப்பிடுவாங்க. "வாங்கப்பா, நானும் நடக்க வரேன்"னு கூப்பிடுங்க. அது வேலை செய்யும்.

ரெண்டு வாரமா பெரும்பாலான நாள் எதுலயும் பிடிப்பில்ல, மனசு பாரமாவே இருக்குன்னா அது மனச்சோர்வா இருக்கலாம். சுகர் இருக்கறவங்களுக்கு இது அதிகமாவே வருது, தனியா வைத்தியம் இருக்கு. ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு. மாத்திரை கொடுத்தா பலன் தெரிய சில வாரம் ஆகும், நடுவுல நீங்களா நிறுத்தாதீங்க. "உயிரோட இருந்து என்ன"ன்னு தோணினா அப்பவே 14416-க்கு அடிங்க. அது டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், 24 மணி நேரமும், காசில்ல, தமிழ்லயே பேசலாம்.

நோட்டு போட்டவங்க உங்க ரெண்டு வாரத்தைக் கமெண்ட்ல எழுதுங்க, உட்கார்ந்து படிச்சுப் பதில் போடறேன்.