குவியலில் எழும் ஆவி

வணக்கம் நேயர்களே. வீட்டுத் தோட்டம் என்றதும் விதையைப் பற்றிக் கேட்பார்கள், பூச்சியைப் பற்றிக் கேட்பார்கள். குப்பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். ரசாயன உரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் நமக்கு ஒரே வேலைதான்: மண்ணுக்குச் சோறு போடுவது. செடிக்கு வேண்டியதை மண் பார்த்துக்கொள்ளும். அந்தச் சோறு வேகிற பானைதான் மக்குக் குவியல்.

மரங்கள் இலை கொட்டும் பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலெல்லாம் சருகு. அதைக் கூட்டிக் கொளுத்துகிற புகையைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. ஒரு வருடத் தோட்டத்துக்கான பொருள் அது. சாக்கில் அமுக்கிக் கட்டி, நனையாத மூலையில் வைத்துவிடுங்கள். சமையலறைக் கழிவு தினமும் வரும். சருகு வருடத்தில் சில வாரங்கள்தான் வரும்.

இப்போது அளவு. ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று வாளி சருகு. ஈரக் கழிவு என்றால் காய்த்தோல், பழத்தோல், பசும்புல், மாட்டுச் சாணம். அதில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம். சருகில் கரிமச்சத்து, அதாவது கார்பன், அதிகம். நுண்ணுயிர்கள் ஒரு பங்கு தழைச்சத்தோடு ஏறக்குறைய முப்பது பங்கு கரிமச்சத்தைச் சேர்த்துக் கேட்கும். அந்தக் கணக்கெல்லாம் நினைவில் நிற்காது. வாளிக் கணக்கு நிற்கும். ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று.

குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே பிறக்கிற சூடு தங்காமல் வெளியே போய்விடும். கீழே அரையடிக்குக் குச்சிகளைப் பரப்புங்கள், காற்று நுழைவதற்காக. மேலே சருகு ஓர் அடுக்கு, ஈரக் கழிவு ஓர் அடுக்கு, இரண்டு கைப்பிடி தோட்டத்து மண். இப்படியே உயரட்டும். இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், நோய் விழுந்த செடி மூன்றும் வேண்டாம்.

ஈரப்பதம் எப்படித் தெரியும்? உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் தண்ணீர் அதிகம், பிடி உதிர்ந்து போனால் குறைவு.

மூன்று நான்கு நாளில் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட வேண்டும். உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கும். 55 டிகிரியில் மூன்று நாள் நின்றாலே களை விதைகளில் பெரும்பாலானவை செத்துவிடும். குளிர்காலத்து விடியலில் இந்தக் குவியலை மண்வெட்டியால் கிளறிப் பாருங்கள். குபீரென்று ஆவி எழும். கைகால் விறைக்கிற குளிரில், அடுப்பில்லாமல் ஒரு சூடு. பனி பெய்யும் மாதங்களில் தோட்டம் தருகிற சுகங்களில் இதற்கு ஈடு வேறில்லை என்பேன்.

சூடு தணிந்ததும் புரட்டுங்கள். வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போக வேண்டும், உள்ளே இருந்தது வெளியே வர வேண்டும். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் வகுத்த இந்தூர் முறையும் இதுதான்: செடிக் கழிவும் சாணமும் அடுக்கடுக்காக, காற்று, ஈரம், நாள் பார்த்துப் புரட்டுவது.

எங்கே தப்பும்? மூக்கே சொல்லிவிடும். மூக்கைத் துளைக்கிற நெடி, அதாவது அம்மோனியா வாடை வந்தால் ஈரக் கழிவு அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லை. புரட்டுங்கள், குச்சி கலந்து விடுங்கள். வாடையும் இல்லை, சூடும் இல்லை என்றால் காய்ந்திருக்கும், அல்லது சருகு மிஞ்சியிருக்கும், அல்லது குவியல் சிறியது. அநேகமாக எல்லாத் தவறும் சருகு போதாமல் வருவதுதான். திரும்பவும் சொல்கிறேன், ஒரு வாளிக்கு இரண்டு அல்லது மூன்று வாளி.

ஒழுங்காகப் புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் பாதி உயரத்துக்குத் தணிந்து, கறுத்து, பொலபொலவென்று ஆகிவிடும். பிறகு ஒரு மாதம் சும்மா விடுங்கள். அவசரப்பட்டுப் பாதி மக்கியதைப் பாத்தியில் போட்டால், அது மக்கி முடிப்பதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளடித்துவிடும். சந்தேகமிருந்தால் ஒரு பிடியை ஈரத்தோடு புட்டியில் மூடி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் இன்னும் ஆகவில்லை. மண் வாசம் வந்தால் எடுக்கலாம்.

அந்த மண் வாசத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஜியோஸ்மின் என்று 1965-இல் பெயரிட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் உண்டாக்குகிற பொருள். கோடையின் கடைசியில் முதல் மழை விழும்போது நாம் மூச்சை இழுத்து அனுபவிக்கிறோமே, அந்த வாசத்திலும் இதே பொருள்தான் கலந்திருக்கிறது. மக்கிய உரத்தைக் கையில் அள்ளுகிறவர்களுக்கு அந்த முதல் மழை எந்த மாதத்திலும் வரும்.

பாத்திக்கு எவ்வளவு? ஓர் அங்குலக் கனம் போதும். ஒரு சதுர மீட்டருக்கு, 10 லிட்டர் வாளியில் இரண்டரை வாளி.

வெயில் காலத்துக்கு வருவோம். மிச்சச் சருகை மூடாக்காக, அதாவது மண்ணுக்குப் போர்வையாக, இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்து போகிறதே, அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள். அது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராத குறை. மண்ணில் சத்து இருந்தாலும், ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் காய்க்கு ஏறாது. மூடாக்கு போட்டு, விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. குளிர்கிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த வெயிலிலும் வெண்டை சிரிக்கும். இளமஞ்சள் இதழ், நடுவில் அடர்சிவப்பு, ஒரே நாள் பூ. பூத்த நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பறித்துவிடுங்கள். ஒரு காயை முற்ற விட்டால் செடி விதை கட்டுவதில் இறங்கிவிடும், புதுப்பூ குறையும்.

பூச்சிக்கு ஒரு வார்த்தை. செடிச் சாற்றை உறிஞ்சுகிற அசுவினி தெரிந்தால் முதலில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பொறிவண்டு வந்திருந்தால் அதோடு நிறுத்துங்கள், மீதியை அது தின்றுவிடும். அப்படியும் போகவில்லையென்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். பகலில் தெளித்தால் இலை கருகும், தேனீக்கும் ஆகாது.

விதை சேகரிப்பு பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் மிச்சம். தக்காளி மட்டும் சொல்லிவிடுகிறேன். கலப்பின ரகம் வேண்டாம், அதன் விதை தாயைப் போல வராது. நன்றாகப் பழுத்த பழத்தின் சதையைக் கிண்ணத்தில் பிழிந்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். விதையைச் சுற்றிய வழவழப்பு கரையும், நல்ல விதை அடியில் தங்கும். கழுவி, தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் நாலைந்து வருடம் முளைக்கும். புட்டியின் மேல் ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். நன்றி, வணக்கம்.