பிளஸ்-மைனஸ்: ஒருவர் பெயருக்கு நேரே ஐந்து பேரின் கணக்கு

நேயர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கூடைப்பந்து ஸ்கோர் பட்டியலில் 24 புள்ளிகள் எடுத்தவருக்கு மைனஸ் 11 என்றும், 4 புள்ளிகள் மட்டுமே எடுத்தவருக்குப் பிளஸ் 15 என்றும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் 4 புள்ளிகள் எடுத்தவர்தான் நன்றாக ஆடினாரா?"

அப்படி முடிவு கட்டிவிட முடியாது. ஓர் ஆட்டக்காரர் களத்தில் நிற்கும் நேரத்தில் அவருடைய அணி எடுத்த புள்ளிகளிலிருந்து எதிரணி எடுத்த புள்ளிகளைக் கழித்தால் வருவதே பிளஸ்-மைனஸ். அவர் தாமே எத்தனை முறை பந்தைக் கூடையில் போட்டார் என்பதை அது பார்ப்பதே இல்லை. அணி 40-38 என்று முன்னிலையில் இருக்கும்போது உள்ளே வந்த ஒருவர், 52-57 என்று பின்தங்கியபோது வெளியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் அணி எடுத்தது 12, விட்டுக்கொடுத்தது 19. அந்த 12 புள்ளிகளையும் அவர் ஒருவரே எடுத்திருந்தாலும் அவர் கணக்கில் ஏறுவது மைனஸ் 7 தான்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரில் (ஆட்டக்காரர்வாரியான புள்ளிவிவரப் பட்டியலில்) 2007-08 சீசனிலிருந்து இந்த எண் இடம்பெறுகிறது. எப்போதும் ஐந்து பேர் களத்தில் இருப்பதால், ஓர் அணியினர் அனைவருடைய பிளஸ்-மைனஸையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு வரும். ஐயம் உள்ளவர்கள் ஏதாவது ஓர் ஆட்டத்தை எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம்.

2017 நவம்பர் 22 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 125-95 என்று டென்வர் நகட்ஸை வென்றது. அன்று ஹூஸ்டனின் லூக் ம்பா அ மூட்டே பெற்றது பிளஸ் 57. அணி வென்றதோ 30 புள்ளிகள் வித்தியாசத்தில். ஆகவே அவர் பெஞ்சில் இருந்த நேரத்தில் அதே ஹூஸ்டன் 27 புள்ளிகள் பின்தங்கியிருக்கிறது! அவர் தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்றவர். எதிரியை வழிமறிப்பதும், சக ஆட்டக்காரருக்கு வழி கிடைக்க அவரைத் தடுப்பவரின் பாதையில் அசையாமல் நின்று ஸ்க்ரீன் போடுவதும் புள்ளிக் கணக்கில் தெரிவதில்லை, பிளஸ்-மைனஸில் ஓரளவு தெரியும். ஆனால் அந்த 57-இல் அவருடன் நின்றவர்களின் ஆட்டமும், எதிரணி தவறவிட்ட மூன்று புள்ளி வீச்சுகளும் கலந்தே இருக்கின்றன. அதை வைத்து அவர் அணியின் நட்சத்திரமான ஜேம்ஸ் ஹார்டனைவிடச் சிறந்தவர் என்று யாரும் சொல்லவில்லை.

உடன் ஆடுவது யார் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். நிக்கோலா யோகிச் ஆடும்போது டென்வர் முந்துவதும், அவர் ஓய்வெடுக்கும்போது சரிவதும் பல சீசன்களாக நடந்துவருகிறது. எனவே அவரோடு களமிறங்குபவருக்குப் பிளஸ் எளிதாகச் சேரும்; அவருக்கு மாற்றாக வருபவர், பாவம், நன்றாக ஆடினாலும் மைனஸோடு திரும்புவார். இதைச் சரிசெய்வதற்காக, உடன் ஆடியவர்களையும் எதிர்த்து ஆடியவர்களையும் கணக்கில் கொள்ளும் திருத்தப்பட்ட பிளஸ்-மைனஸ் முறைகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு: இருவர் எப்போதும் சேர்ந்தே ஆடினால், யாருடைய பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்காலும் தெளிவாகப் பிரிக்க இயலாது.

ஆகவே நீங்கள் சொன்ன ஆட்டத்தில், அந்த 24 புள்ளிக்காரர் எந்த நால்வருடன், எதிரணியின் எந்த ஐவரை எதிர்த்து நின்றார் என்று முதலில் பாருங்கள். ஒரே ஆட்டத்தின் மைனஸ் 11-ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அரை சீசன் கடந்தும், துணை ஆட்டக்காரர்கள் மாறியும் மைனஸ் தொடர்ந்தால், அவருடைய தடுப்பாட்டத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.