காத்தாடி வாங்கின பஞ்சாயத்து

கோபியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்காருங்க: "அதிகாரத்தைக் கிராமத்துக்குக் குடுத்தா ஊழலும் கிராமத்துக்கு வரும், அவ்வளவுதானே? எந்தப் பஞ்சாயத்து புதுசா ஒண்ணு செஞ்சுது?" ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடலீங்க. முதல் பாதிக்கு நான் சண்டைக்கு வரல. ரெண்டாவது பாதிக்கு மறுபடியும் ஓடந்துறைப் பஞ்சாயத்துதான். பழைய ஆளுங்க பொறுத்துக்கோணும்.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கம், ஊட்டி மலையடிவாரம். 1996-ல இருந்து பத்து வருசம் சண்முகம் தலைவர். தெருவிளக்கு, தண்ணி மோட்டார், ரெண்டுக்கும் பில்லைப் பஞ்சாயத்துதான் கட்டோணும். பில்லு ஏறிட்டே போச்சு. சோலார் விளக்கு போட்டாங்க. விறகு எரிச்சுக் கரண்டு எடுத்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தாங்க. கடைசியில 2006-ல காத்துல கரண்டு எடுக்கற 350 கிலோவாட் காத்தாடியே வாங்கிட்டாங்க. ஒரு கோடியே 55 லட்சம்! அதுல 40 லட்சம் பஞ்சாயத்து சேத்து வெச்ச காசு, மீதி பேங்க் கடன்.

ஆனா காத்தாடி ஓடந்துறையில இல்லீங்க, உடுமலைப் பக்கம் மைவாடியில. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அங்கதானே அடிக்குது? ஆடி மாசம் அந்த ரோட்டுல பைக்குல போயிப் பாருங்க, வேட்டி நிக்காது. அங்க சுத்துற கரண்டு லைன்ல சேந்துரும். ஊருத் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு வித்தாங்க.

நான் எப்பவும் சொல்றதுதான்: பில்லு கட்டறவனுக்குத்தான் யோசனை வரும். காங்கேயம் பக்கம் என்ற அப்பிச்சி ஊருல தெருவிளக்குப் பெட்டி டீக்கடைக்கு எதுத்தாப்புல இருந்துச்சு. பால் வண்டி வந்ததும் கடைக்காரரு போயி அணைச்சுருவாரு. யாரும் அவருக்கு ஆர்டர் போடல. "விடிஞ்சும் எரிஞ்சா நம்ம வீட்டு வரிதானுங்க எரியுது"ம்பாரு. இதுக்குச் சென்னையில ஒரு ஆபீசு வெச்சு ஆகுமா?

கோபிக்காரரு வேற ஒண்ணு கேட்டிருக்கலாம். அவ்வளவு நல்ல யோசனைன்னா பக்கத்துப் பஞ்சாயத்து ஏன் செய்யல? அங்கதானுங்க விசயமே. வர்ற வரி பில்லுக்கே பத்தாத ஊரு 40 லட்சத்துக்கு எங்க போகும்? கையில காசில்லாம பேங்க் வாசல்ல நிக்க முடியாது. அப்புறம் 2016-ல இருந்து 2019 வரைக்கும் உள்ளாட்சித் தேர்தலே நடக்கல, ஜெயிச்ச தலைவருக்குப் பதிலா அரசாங்கம் போட்ட தனி அலுவலர்தான். பஞ்சாயத்துக்கு அதிகாரம் குடுக்கற 1994 பஞ்சாயத்துச் சட்டம் புஸ்தகத்துல அப்படியேதான் இருந்துச்சு. ஆனா நாளைக்கு மாத்தலாகிப் போறவரு, பல வருசம் கட்டவேண்டிய கடனுக்குக் கையெழுத்துப் போடுவாருங்களா? நானா இருந்தாலும் போட மாட்டேன்.

சரிங்க, அடுத்தது ஒரு அம்மிணி வீட்டு வரி ரசீது பத்திக் கேட்டிருக்காங்க.