படைத்தவனும் கூர்ப்பும்

வணக்கம். அன்பான நேயர்களே,

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் எந்த ஆசிரியரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கூர்ப்புப் பாடம் தொடங்கிய வாரமே அது வந்துவிடும். “சேர், சோதனையில் டார்வின் சொன்னதை எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், எல்லாவற்றையும் படைத்தவனே என்று கும்பிடுகிறோம். இரண்டில் எது உண்மை?” கேட்பது சைவப் பிள்ளையாக இருக்கலாம், ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கப் பிள்ளையாகவும் இருக்கலாம். “புள்ளி வேண்டுமென்றால் டார்வினை எழுது, புண்ணியம் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போ” என்று சிரித்தபடி அடுத்த அலகுக்குத் தாவிவிடுகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பதில் ஒருநாளும் பிடித்ததில்லை. பிள்ளை நேர்மையாகக் கேட்கிறது. நாம் அதற்கு இரண்டு நாக்கு வைத்துக்கொள்ளப் பழக்குகிறோம்.

கூர்ப்பு என்று நான் சொல்வதைத் தமிழ்நாட்டில் பரிணாமம் என்பார்கள். அதைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு நினைவு வருவது குரங்கு. குரங்கை ஒரு பக்கத்தில் இருத்திவிட்டு நுளம்பிடம் வாருங்கள். நுளம்பை நான் விளக்கத் தேவையில்லை. இந்த உரையைக் கேட்டுக்கொண்டே ஒன்றையாவது அடித்திருப்பீர்கள்.

1946இல் இலங்கையில் மலேரியாவுக்காக டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கினார்கள். மூத்தவர்களுக்கு அந்த மணம் இன்னும் நினைவிருக்கும். நோய் சரிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவர்கள் வெறும் 17 பேர். வெற்றி என்று கையைத் தட்டிவிட்டுத் தெளிப்பை நிறுத்தினோம். அறுபதுகளின் கடைசியில் மலேரியா லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடி டி.டி.டி.யை எடுத்தால், அது முன்போல வேலை செய்யவில்லை. எழுபதுகளில் மலத்தியோன் என்ற வேறொரு பூச்சிக்கொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. என்ன நடந்தது? எந்த நுளம்பும் முயன்று பயின்று நஞ்சைத் தாங்கப் பழகவில்லை. பெருங்கூட்டத்தில் மிகச் சிலவற்றுக்குத் தாங்கும் தன்மை பிறப்பிலேயே இருந்தது. தாங்காதவை செத்தன. தாங்கியவை முட்டையிட்டன. அடுத்த தலைமுறையில் அவற்றின் பிள்ளைகள் அதிகம். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள்: தனி நுளம்பு மாறுவதில்லை, நுளம்புக் கூட்டம் மாறுகிறது.

இன்னும் பக்கத்தில் வரட்டுமா? டெங்கு நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்று நாம் படித்தோம். நம்முடைய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடாநாட்டின் கரையோரத்தில் தேடியபோது, உவர்நீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதைக் கண்டார்கள். உவரில் வளரும் அந்தக் கூட்டங்கள், உள்நாட்டு நன்னீர்க் கூட்டங்களைவிட உப்பை நன்றாகத் தாங்குகின்றன. நமது கண்ணெதிரே, நமது கரையில்.

இதற்கு நீண்ட காலத்தைக் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு நீளம் என்று கேட்டால் உங்கள் வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டியவர்கள் சிப்பி பதிந்த கல்லைக் கண்டிருப்பார்கள். கடலடியில் படிந்து உருவான கல் அது. மயோசீன் என்று புவியியலாளர் சொல்லும் காலத்தைச் சேர்ந்தது. மிகக் குறைத்துச் சொன்னாலும் 50 லட்சம் ஆண்டுகள். அயர்லாந்தில் அஷர் என்றொரு பேராயர் 17ஆம் நூற்றாண்டில் வேதாகமத் தலைமுறைகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று முடிவு கட்டினார். பாவம், அவருக்கு ஒரு யாழ்ப்பாணக் கிணற்றைக் காட்ட ஆளில்லை.

இந்த இடத்தில் சைவ நேயர்கள் சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. “எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பிரமாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி என்கிறது விஞ்ஞானம். பார்த்தீர்களா!” பார்த்தேன். கோவில் திருவிழா மேடைகளில் இதைக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. ஓர் எண் மற்றோர் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தால் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது. பூமியின் வயதை அறிந்தது விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து. யுகக் கணக்கு வந்த வழி வேறு.

அதைவிட எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் நான் நகர மாட்டேன். சிவபுராணம். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். “புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி” என்று வருகிறது அல்லவா? உடனே பேச்சாளர் நிமிர்வார்: டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மணிவாசகர் கூர்ப்பைச் சொல்லிவிட்டார்! கைதட்டல். அந்த வரிகளைத் தொடர்ந்து சொல்லுங்கள், தயவுசெய்து. மிருகம், பறவை, அதற்குப் பிறகு பாம்பு, பாம்புக்குப் பிறகு கல், கல்லுக்குப் பிறகு மனிதர், மனிதருக்குப் பிறகு பேய், கணங்கள், அசுரர், முனிவர், தேவர். இதைக் கூர்ப்பு வரிசை என்று பிடிவாதம் பிடித்தால், கல் மனிதனான கட்டத்தை எந்த அலகில் படிப்பிப்பது? பேயை எங்கே வைப்பது?

அடிகள் பாடியது வேறு. ஓர் உயிர் எத்தனையோ உடம்புகளில் பிறந்து பிறந்து களைத்துப்போய், இனிப் போதும் என்று இறைவன் காலடியில் விழுகிறது. டார்வின் சொன்னதில் பயணம் போகும் உயிர் என்று ஒன்று கிடையாது. தலைமுறைகள் உண்டு, கூட்டங்கள் உண்டு, மரணம் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கினால் திருவாசகமும் கெடுகிறது, உயிரியலும் கெடுகிறது. கண்ணீரோடு பாட வேண்டிய வரிகளை நாம் சான்றிதழ் ஆக்கிவிட்டோம். மச்சம், கூர்மம், வராகம் என்று பத்து அவதாரங்களை அடுக்குகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

சமயத்துக்கு விஞ்ஞானத்திடம் கையெழுத்து வாங்கும் ஆசை சைவருக்கு மட்டும் உரியதன்று. நமது ஊரிலேயே நடந்த ஒரு கதை இருக்கிறது. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியது. தானியேல் பூர் பாதிரியார் அதன் தலைவர். வானியல் அங்கே முக்கியமான பாடம், காரணத்தோடுதான். ராகுவும் கேதுவும் பொய் என்று காட்டிவிட்டால் புராணம் ஆட்டம் காணும், புராணம் ஆடினால் சைவம் ஆடும் என்பது மிஷனரிமாரின் கணக்கு. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அந்நாளில் பெயர்பெற்ற பஞ்சாங்க கணிதரான விசுவநாத சாத்திரியார் குறித்த நேரம் ஒன்று, பூர் குறித்த நேரம் இன்னொன்று. ஊரில் பந்தயம்போல ஆகிவிட்டது. எந்த ஊரில் என்று நினைக்கிறீர்கள்? கிரகணத்துக்குச் சமையலை முன்கூட்டியே முடித்துவிட்டு, பிடித்து விட்டபின் முழுகும் ஊரில். அந்த இரவில் பூரின் கணக்கே பொருந்தியது. மிஷனரிமார் அதைக் கிறிஸ்தவ வேதத்துக்குச் சைவத்தின் மேல் கிடைத்த வெற்றியாக எழுதி வைத்தார்கள்.

ஆனால் தோற்றது எது? சாத்திரியார், ராகுவுக்கு எப்போது பசிக்கும் என்று யோசித்து நேரம் குறிக்கவில்லையே. அவரும் கணக்குத்தான் போட்டார். பழைய கணக்கைப் புதிய கணக்கு வென்றது, அவ்வளவுதான். அதில் யேசுநாதருக்கும் வெற்றி இல்லை, சிவபெருமானுக்கும் தோல்வி இல்லை. ஊர் கூண்டோடு மதம் மாறவும் இல்லை. அதே செமினரியில் படித்த, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். வானியலை மறந்துவிட்டா திரும்பினார்?

கதையின் மறுபாதி இன்னும் சுவையானது. கிரகணம் முடிந்து 30 ஆண்டில், 1859 நவம்பரில், டார்வினின் நூல் இலண்டனில் வெளியானது. எந்த விஞ்ஞானத்தைப் புராணத்தின் மேல் ஏவினார்களோ, அது வேதாகமத்தில் படைப்பின் கதை சொல்லும் ஆதியாகமத்தின் வாசலில் வந்து நின்றது.

நின்றபோது எல்லாக் கிறிஸ்தவரும் கதவைச் சாத்தவில்லை. இங்கிலாந்துத் திருச்சபைக் குருவான சார்ள்ஸ் கிங்ஸ்லி, நூல் வெளிவந்த அதே மாதத்தில் டார்வினுக்கு எழுதினார்: ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்யும் கடவுளைப் போலவே, தாமாக வளர்ந்து பெருகும் வடிவங்களைச் செய்யும் கடவுளும் உயர்ந்த கருத்தே. டார்வின் அதை 1860இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபை மெதுவாக நடந்தது. 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தை ஆராயத் தடையில்லை, ஆன்மாவை மட்டும் இறைவனே நேராகப் படைக்கிறார் என்றார். 1996இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆகவே கத்தோலிக்கப் பிள்ளை சோதனையில் டார்வினை எழுதிவிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டியதில்லை.

சைவ சித்தாந்தத்துக்கு வருகிறேன். பதி என்ற இறைவன், பசு என்ற உயிர், பாசம் என்ற தளை மூன்றும் அநாதி. உயிர்களை இறைவன் புதிதாக உண்டாக்குவதில்லை. உலகையும் சூனியத்திலிருந்து எடுப்பதில்லை, மாயை என்ற மூலப்பொருளிலிருந்து விரியச் செய்கிறான். குயவன், சக்கரம், மண் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்: நிமித்த காரணம், துணைக் காரணம், முதற்காரணம். உயிரியல் ஆராய்வது மண்ணையும் அது திரளும் விதத்தையும். குயவன் உண்டா என்ற கேள்வியை அது கையில் எடுப்பதே இல்லை. எடுத்ததாகச் சொல்லும் விஞ்ஞானிகள் அந்த நேரத்தில் தத்துவம் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் நாமும் ஒரு தவறைச் செய்யக் கூடாது. மண் இப்படி வளைந்ததற்குக் காரணம் தெரியவில்லை, ஆகவே இங்கே குயவனின் கை இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினால், ஒவ்வொரு காரணமும் தெரியவரும்போது குயவன் ஒரு சாண் பின்வாங்க வேண்டியிருக்கும். ஆய்வுகூடத்தைக் கண்டு பின்வாங்கும் கடவுள் நமக்கு எதற்கு?

எல்லாம் சுமுகமாகப் பொருந்துகிறது என்று நான் சொல்ல வரவில்லை. உயிருக்கு உடம்பு வினைக்கேற்பக் கிடைக்கிறது என்கிறது சித்தாந்தம். பரம்பரையலகுகளில், அதாவது மரபணுக்களில், விகாரங்கள் என்ற மாற்றங்கள் தற்செயலாக வருகின்றன என்கிறது உயிரியல். மோதல் போலத் தெரிகிறது. இங்கே தற்செயல் என்பதன் பொருள், அந்த மாற்றம் உயிரினத்தின் தேவையைப் பார்த்து வருவதில்லை என்பது மட்டும். டி.டி.டி. வரப்போகிறது என்று எந்த நுளம்புக்கும் தெரியாது. அதற்கு அப்பால் அந்த மாற்றத்துக்கு நோக்கம் உண்டா இல்லையா என்று அளக்க உயிரியலிடம் கருவி இல்லை. நம்புகிறவர் நம்பலாம். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: “கண்ணைப் பார், இறகைப் பார், கடவுள் இருப்பது நிரூபணமாகிவிட்டது” என்ற பழைய வாதத்தை. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. உங்களில் சிலருக்கு இருக்கும்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். நான் உண்மையில் பேச வந்த பகுதி இனிமேல்தான் இருந்தது. ராகுவும் பேயும் அதன் நேரத்தை விழுங்கிவிட்டன. சுருக்கிச் சொல்கிறேன்.

குரங்கும் கடினமான கேள்வி அல்ல, காலக்கணக்கும் அல்ல. கடினமானது வேதனை. 1860இல் டார்வின், தன் நண்பரான அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதினார். கிரே கூர்ப்பை ஏற்றுக்கொண்ட பக்தியுள்ள கிறிஸ்தவர். ஒருவகைக் குளவி, உயிருள்ள புழுவின் உடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் புழுவை உள்ளிருந்து தின்று வளர்கின்றன. அன்பும் வல்லமையும் உள்ள ஒருவர் இதைத் திட்டமிட்டுச் செய்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார் டார்வின். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், பத்து வயது மகள் ஆனியை அவர் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார்.

கமக்காரருக்கு அந்தக் குளவி நண்பன். புழுவிடம் கேட்டால்? புழு எந்த வினைக்காக இதை அனுபவிக்கிறது என்று சைவர் சொல்ல வேண்டும். ஆதாம் பாவம் செய்யுமுன்னரே கோடிக்கணக்கான ஆண்டுகளாக உயிர்கள் இப்படிச் செத்தது ஏன் என்று கிறிஸ்தவர் சொல்ல வேண்டும். போரையும் ஆழிப்பேரலையையும் கண்ட ஊரில் இது வகுப்பறைக் கேள்வியும் அல்ல. ஆசா கிரே கடைசிவரை நம்பிக்கையை விடவில்லை. டார்வின் விட்டுவிட்டார், ஆனால் கிரேயைப் பிழை சொல்லவில்லை. ஒருவர் தீவிரக் கடவுள் நம்பிக்கையாளராகவும் கூர்ப்பை ஏற்றவராகவும் இருக்க முடியும் என்பதைச் சந்தேகிப்பதே அபத்தம் என்று 1879இல் ஒரு கடிதத்தில் எழுதினார். சித்தாந்தம் புழுவுக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று நான் எழுதிக்கொண்டு வந்த மூன்று பக்கங்கள் மேசையில் அப்படியே கிடக்கின்றன. இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. தயாரிப்பாளர் இன்னொரு நாள் அழைத்தால் அங்கிருந்து தொடங்குகிறேன். வணக்கம்.