பத்தாம் வசனத்தையும் சேர்த்து வாசிப்போம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நேயர்களுக்கு ஸ்தோத்திரம். சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன்.

நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் டிசம்பர் 31-ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தோட்டத்து வீடுகளுக்குப் போனால் அந்த அட்டை அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருக்கும். இந்த வருஷத்து அட்டைக்குப் பின்னால் போன வருஷத்தது, அதற்கும் பின்னால் மஞ்சளேறிப்போன இன்னொன்று. பழையதை எறிய யாருக்கும் மனசு வராது. கேட்டது இன்னும் கைக்கு வரவில்லையே.

அந்த அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் உள்ள வரி இது. அதற்கு முந்தின வசனத்தை மட்டும் எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். கடிதத்தைக் கேட்டபோது நாற்பது வயதில் இருந்தவர் என்ன நினைத்திருப்பார்? அவர் ஊர் திரும்பப் போவதில்லை. போனால் பேரப்பிள்ளைகள் போவார்கள்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் வருகிறார். இரண்டே வருஷம், எல்லாரும் வீடு திரும்பிவிடலாம் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னார். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைக்கூடப் பிடுங்கி உடைத்தார். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவரை அனுப்பவில்லை. இன்றைக்கும் இந்த மாதமே வீடு, அடுத்த மாதமே வேலை என்று தேதி குறித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேதி கடந்துபோனதும் சபைக்கு வருவதையே விட்டவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆண்டவர் சொல்லாத தேதிக்காக அவர்கள் ஆண்டவரை விட்டுப் போனார்கள்.

சரி, 70 வருஷம் வரைக்கும் என்ன செய்வது? கடிதத்திலேயே இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டுக் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். பால்மரக் (ரப்பர்) கன்று நட்டுப் பால் வெட்டக் கத்தி வைக்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை களை பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்பது நம் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, தோட்டம் கைமாறிய பிறகு தோட்டத்து லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு வாடகைக்கு ஒரு தரை வீட்டில் இருக்கிறார். சொந்த வீடு வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஜெபம். போன தடவை போனபோது வாசலில் முருங்கைக் கொம்பு ஊன்றி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். "வாடகை வீடுதானே அக்கா" என்றேன். "அதுக்காக? யாராச்சும் பறிச்சுச் சாப்பிடுவாங்க தம்பி" என்றார். வாக்குத்தத்தத்தை நம்புகிறவர் எப்படி இருப்பார் என்று கேட்டால் நான் அந்த அக்காவைத்தான் காட்டுவேன்.

அந்த 70 வருஷமும் முடிந்தது. கி.மு. 538 வாக்கில் பெர்சிய ராஜாவான கோரேஸ் யூதர்கள் திரும்பிப்போகக் கட்டளையிட்டார். எரேமியா சொன்ன வார்த்தை நிறைவேறும்படி என்றே எஸ்றாவின் முதல் வசனம் சொல்கிறது. நமக்கோ அதற்கும் மேலான உறுதி உண்டு. தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருப்பதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். சிலுவைக்குப் போய் உயிரோடு எழுந்தவர் நமக்காகப் போட்ட கையெழுத்து அது.

இன்று இரவு எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். அப்புறம் தானியேல் 9-க்குப் போங்கள். எரேமியாவின் 70 வருஷக் கணக்கைப் படித்துத் தெரிந்துகொண்ட தானியேல், எப்படியும் நடக்கும் என்று சும்மா இருக்கவில்லை. சாக்குத் துணியாகிய இரட்டுடுத்தி, உபவாசித்து, "ஆண்டவரே, தாமதிக்க வேண்டாம்" என்று மன்றாடினார். வெகுநாளாகக் காத்திருக்கிறவர்களே, நீங்களும் தாராளமாக அப்படிக் கேட்கலாம். ஸ்தோத்திரம்.